ஜிஆர்பி 230307ஏ: தாய் கேலக்ஸி என்று எதை எழுதுவது?

#1 செங்கோட்டைவானம்
சனி, இரவு 9:12

வணக்கம். எங்கள் பள்ளி வானியல் மன்றத்துப் பிள்ளைகளுக்காகக் காமா கதிர் வெடிப்புகளைத் (சுருக்கமாக ஜிஆர்பி, தொலைவானத்தில் சட்டென்று தோன்றி மறையும் காமா கதிர் வீச்சு) தமிழில் ஓர் அட்டவணையாகத் தொகுத்து வருகிறேன். வெடித்த நாள், எத்தனை வினாடி நீடித்தது, தாய் கேலக்ஸி (வெடிப்பு எந்தக் கேலக்ஸியைச் சேர்ந்தது), தூரம், இவ்வளவுதான் பத்திகள். முப்பது வரிசை தடங்கல் இல்லாமல் ஓடியது. 230307ஏ வந்ததும் நின்றுவிட்டேன், இரண்டு நாளாக அங்கேயே நிற்கிறேன்.

2023 மார்ச் 7 அன்று ஃபெர்மி செயற்கைக்கோள் பிடித்த வெடிப்பு இது. அரை நிமிடத்துக்குச் சற்று மேலே நீடித்தது. கண்டறிந்த நேரத்தில், பதிவானவற்றில் 221009ஏ-வுக்கு (2022 அக்டோபர் 9 வெடிப்பு, தேதிதான் பெயர்) அடுத்தபடியாகப் பிரகாசமானது இதுதான். அது இருந்த இடத்தை ஜேம்ஸ் வெப் எடுத்த படத்தில் பார்த்தால், வெறும் 0.2 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) தள்ளி மிக மங்கலான ஒரு கேலக்ஸி இருக்கிறது. அதன் செந்நகர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு, கூடினால் தூரமும் கூடும்) 3.87, அதாவது ஒளி கிளம்பி 1,200 கோடி ஆண்டு ஆகிறது. அப்புறம் 30 வில்விநாடி தள்ளி ஒரு பளிச்சென்ற சுழல் கேலக்ஸி, செந்நகர்ச்சி 0.065, தூரம் ஏறத்தாழ 95 கோடி ஒளியாண்டு. நான் படித்த கட்டுரைகள் எல்லாம் இந்த இரண்டாவதைத்தான் தாய் என்கின்றன. ஒட்டிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு 150 மடங்கு தள்ளி இருப்பதைத் தாய் என்று எப்படி எழுதுவது? பிள்ளைகள் கேட்பதற்கு முன்னால் எனக்குத் தெளிவு வேண்டும்.

#2 முதலாமாண்டு
சனி, இரவு 9:30

சார், எனக்கு அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று. இவ்வளவு பிரகாசமாக வெடித்ததே, அந்த வெடிப்பின் ஒளியிலேயே தூரம் தெரியாதா? எதற்காகப் பக்கத்தில் இருக்கும் கேலக்ஸியைத் தேட வேண்டும்?

#3 தென்திசை
சனி, இரவு 10:47

தம்பி, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். காமா கதிரில் தூரம் எழுதியிருக்காது. ஒரு விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் ஹைட்ரஜன், கால்சியம் என்று தனிமங்களின் கோடுகள் தெரியும். அவை இருக்க வேண்டிய அலைநீளத்திலிருந்து எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்று பார்த்தால் தூரம் வந்துவிடும். காமா கதிர் வெடிப்பின் நிறமாலை அப்படி இல்லை, கோடே இல்லாத வழுவழுப்பான வளைவு. அதனால்தான் 1960-களின் கடைசியில் கண்டுபிடித்த பிறகு கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள், இவை நம் பால்வீதியில் நடக்கின்றனவா, அதற்கு வெகு அப்பாலா என்றே முடிவு கட்ட முடியவில்லை.

அதை மாற்றியது 1997. அந்த ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி வெடிப்புக்கு பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் எக்ஸ்-கதிர் பின்னொளிர்வைக் (வெடிப்புக்குப் பிறகு மெல்ல மங்கும் ஒளி) கண்டது, பிறகு தரையிலிருந்து கண்ணுறு ஒளியிலும் கண்டார்கள். மே மாதம் இன்னொரு வெடிப்பு, 970508. அதன் பின்னொளிர்வு மங்குவதற்குள் கெக் தொலைநோக்கியால் நிறமாலை எடுத்தபோது செந்நகர்ச்சி 0.835-இல் உட்கவர் கோடுகள் கிடைத்தன. வெடிப்பின் ஒளி வரும் வழியில் ஒரு வாயுத்திரள் அதை விழுங்கி விட்ட தடம் அது. ஒளி அந்த வாயுவைக் கடந்து வந்திருக்கிறது என்றால் வெடிப்பு ஒன்று அதற்குள்ளேயே நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதற்குப் பின்னால். முன்னால் நடந்திருக்க வழியே இல்லை. பிறகு அதே 0.835-இல் தாய் கேலக்ஸியின் ஒளியும் கிடைத்ததும் சந்தேகம் தீர்ந்தது.

ஆகவே தூரத்துக்கு இரண்டு வழிதான் உண்டு. பின்னொளிர்வின் நிறமாலை கிடைத்தால் அதிலிருந்து எடுப்பது நேரடி வழி. கிடைக்காவிட்டால், வெடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கேலக்ஸியைக் கண்டு, இதுதான் தாய் என்று வைத்துக்கொண்டு, அதன் தூரத்தை வெடிப்புக்குக் கடன் வாங்குவது. இரண்டாவதில் தாய் தவறினால் தூரம், ஆற்றல், எந்த மாதிரி விண்மீனின் சாவு என்ற கணக்கு, எல்லாமே சேர்ந்து தவறும்.

230307ஏ-வின் இடத்தைப் பிடித்ததே ஒரு கதை. ஃபெர்மியின் கருவி வானத்தில் பெரிய பரப்பைத்தான் காட்டும். சூரியக் குடும்பத்தில் அங்கங்கே சிதறிக்கிடக்கும் விண்கலங்களில் வெடிப்பு எந்தெந்த நொடியில் பதிவானது என்று ஒப்பிட்டு இடத்தைக் குறுக்கினார்கள். வேட்டுச் சத்தம் மூன்று தெருவில் மூன்று நேரத்தில் கேட்டால் எங்கே வெடித்தது என்று கணக்குப் போடுவது மாதிரி. அதற்குள் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் எக்ஸ்-கதிரில் துழாவியது, சிலியில் லா சில்லா மலையில் இருக்கும் அல்ட்ராகேம் என்ற கேமரா கண்ணுறு ஒளியில் பின்னொளிர்வைக் கண்டது. அதன் பிறகுதான் வில்விநாடிக்கும் குறைந்த துல்லியம் வந்தது.

#4 வைகைக்கரை
சனி, இரவு 11:05

காவலூர் வானாய்வகத்திலிருந்து பார்த்திருக்க முடியுமா?

#5 தென்திசை
சனி, இரவு 11:09

முடியாது. அது தெற்கே -75 பாகையில் இருக்கிறது. காவலூரில் உச்சத்தில் நிற்கும்போதே தொடுவானத்துக்கு மேல் 2 பாகைதான் வரும், மரமும் மூட்டமும் மறைத்துவிடும்.

#6 புள்ளிக்கோலம்
ஞாயிறு, காலை 6:50

செங்கோட்டைவானம் சார், "ஒட்டிக்கொண்டிருப்பதுதான் தாய்" என்ற எண்ணத்தைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும். நான் தொழிலில் புள்ளியியல், வானியல் ஆசைக்குப் படிப்பது. எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்.

வாசலில் புள்ளிக்கோலத்துக்குப் புள்ளி வைத்திருக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஓர் அரிசியைப் போடுகிறீர்கள். புள்ளிகள் ஒரு சாண் இடைவெளியில் இருந்தால், அரிசி ஒரு புள்ளிக்கு விரலகலம் பக்கத்தில் விழுவது அபூர்வம். விழுந்தால் "ஏதோ காரணம் இருக்கிறது" என்று நினைக்கலாம். அதே வாசலில் இழைக்கு இழை நெருக்கமாகப் புள்ளி இருந்தால் அரிசி எங்கே விழுந்தாலும் ஒரு புள்ளியை ஒட்டித்தான் விழும். அதற்கு அர்த்தமே கிடையாது.

வானமும் அப்படித்தான். பளிச்சென்ற கேலக்ஸிகள் இடைவெளி விட்டு வைத்த புள்ளிகள். மங்கலானவை நெருங்கிக் கிடக்கும் புள்ளிகள், ஜேம்ஸ் வெப் பார்க்கும் ஆழத்தில் ஒரு சதுர வில்நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் வரும். அதனால் வெறும் தூரத்தைப் பார்க்கக் கூடாது. "இந்த அளவு வெளிச்சமோ இதைவிட அதிகமோ உள்ள ஒரு கேலக்ஸி, தற்செயலாகவே இவ்வளவு பக்கத்தில் வந்து நிற்க எவ்வளவு வாய்ப்பு" என்று கேட்க வேண்டும். கணக்கு எளிது. அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து வட்டம் போட்டு, வட்டத்தின் பரப்பை அந்த வெளிச்சத்துக்கான கேலக்ஸி நெருக்கத்தால் பெருக்கினால் போதும், விடை சிறியதாக இருக்கும்வரை அதுவே வாய்ப்பு.

சுழல் கேலக்ஸிக்குப் போடுவோம். ஆரம் 30 வில்விநாடி, பரப்பு சுமார் 2,830 சதுர வில்விநாடி. அவ்வளவு வெளிச்சமான கேலக்ஸி தோராயமாக 30,000 சதுர வில்விநாடிக்கு ஒன்று. ஆக 9 சதவீதம். மங்கல் கேலக்ஸிக்கு வட்டம் மிகமிகச் சிறியது, ஆனால் அந்த மாதிரி கேலக்ஸிகள் ஏராளம், போட்டுப் பார்த்தால் அதுவும் சில சதவீதம் வருகிறது. 150 மடங்கு தூர வித்தியாசம் இந்தக் கணக்கில் கிட்டத்தட்டக் கரைந்துபோகிறது பாருங்கள். இடத்தை மட்டும் வைத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதுதான் உண்மை நிலை.

#7 செங்கோட்டைவானம்
ஞாயிறு, காலை 8:15

கோலம் உடனே புரிந்தது, வகுப்பில் இதையே சொல்லப்போகிறேன். அப்படியானால் சுழல் கேலக்ஸி தாயாக இருக்க 91 சதவீதம் வாய்ப்பு என்று எழுதலாமா?

#8 புள்ளிக்கோலம்
ஞாயிறு, காலை 8:31

கூடாது சார், தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். இந்தத் தவறு நிறையப் பேர் செய்கிறார்கள், பிள்ளைகளுக்கு ஒருமுறை பதிந்துவிட்டால் போகாது.

9 சதவீதம் என்பது "வானத்தில் கண்ணை மூடிக்கொண்டு நூறு புள்ளி வைத்தால் அதில் ஒன்பதுக்கு இப்படி ஒரு கேலக்ஸி பக்கத்தில் அமையும்" என்பது மட்டும்தான். இந்தக் கேலக்ஸி தாயா இல்லையா என்பதற்கு அது பதில் சொல்வதில்லை. அதற்கு வேறு தகவலும் வேண்டும்: இந்த வகை வெடிப்பு பொதுவாகத் தாயிடமிருந்து எவ்வளவு தள்ளி நடக்கும், போட்டிக்கு வேறு யார் இருக்கிறார்கள், உண்மையான தாய் நம் கண்ணுக்கே தெரியாத அளவு மங்கலாக இருக்க எவ்வளவு இடம் இருக்கிறது. 2022-இல் 90 குறுவெடிப்புகளின் (பொதுவாக இரண்டு வினாடிக்கும் குறைவாக நீடிப்பவை) தாய்களைத் தொகுத்த ஆய்வில் இந்த எண் 2 சதவீதத்துக்குக் கீழே என்றால் தங்கம், 10 வரை வெள்ளி, 20 வரை வெண்கலம் என்று தரம் பிரித்தார்கள். அந்த அளவுகோலில் நம்முடையது வெள்ளி, அதுவும் விளிம்பில்.

#9 பழையரேடியோ
ஞாயிறு, மதியம் 1:20

இந்த இழையில் 020819பி-யைப் பற்றிச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது. எனக்கு இது மனசுக்கு நெருக்கமான விஷயம், ஏனென்றால் பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் குழுவில் நானே இதைத் திரையில் போட்டு ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன்.

2002 ஆகஸ்ட் 19. ஹெட்டி-2 செயற்கைக்கோள் கண்ட வெடிப்பு. கண்ணுறு ஒளியில் பின்னொளிர்வு கிடைக்கவே இல்லை, இருண்ட வெடிப்பு என்பார்களே அந்த வகை. ஆனால் ரேடியோவில் கிடைத்தது, ரேடியோ என்பதால் இடம் மிகத் துல்லியம். அந்த இடத்துக்கு 3 வில்விநாடி பக்கத்தில், நம்மைப் பார்த்து முகம் திருப்பிய அழகான சுழல் கேலக்ஸி, செந்நகர்ச்சி 0.41. சரியாக வெடிப்பின் இடத்தில் ஒரு மங்கலான திட்டு. சுழலின் கை அந்தப் பக்கம் நீள்வதால் திட்டு அந்தக் கையின் ஒரு பகுதி, விண்மீன் பிறக்கும் இடம் என்று எடுத்துக்கொண்டார்கள். யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்போம். நானும் அந்தப் படத்தைக் காட்டி, "இதோ கை, இதோ கையின் நுனி, இங்கேதான் வெடித்தது" என்று குச்சியால் தொட்டுக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்தச் சுழலில் கனத்த தனிமங்கள் சூரியனில் இருப்பதைவிட அதிகம் என்று அளந்தார்கள். நீண்ட வெடிப்புகள் (இரண்டு வினாடிக்கு மேல் நீடிப்பவை) கனத்த தனிமம் குறைந்த இடத்தில்தான் வரும் என்ற கருத்துக்கு இது நேர் எதிர், அதனால் விதியை உடைக்கும் உதாரணமாக இதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். 2014-இல் ஆல்மா ரேடியோ தொலைநோக்கி கொண்டு அங்கே மூலக்கூறு வாயுவை அளந்தார்கள். சுழலின் நடுவில் வாயு இருக்கிறது, வெடித்த இடத்தில் தூசி நிறைய, வாயு மட்டும் காணோம். அதற்கு என்ன விளக்கம் என்று யோசித்தார்கள்.

2017-இல் அந்தத் திட்டின் நிறமாலையை ஒழுங்காக எடுத்துப் பார்த்ததும் விடை வந்தது. திட்டு சுழலின் கையே இல்லை. அது செந்நகர்ச்சி 1.96-இல், வெகு தொலைவில் பின்னால் இருக்கும் வேறொரு கேலக்ஸி, தூசி மண்டிய, வேகமாக விண்மீன்களைப் பெற்றுக்கொண்டிருக்கும் கேலக்ஸி. வாயு தெரியாததற்குக் காரணம், தேடிய அலைவரிசை 0.41-க்கு உரியது, வாயு இருந்ததோ 1.96-இல். பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் முன்னால் நின்ற ஓர் அப்பாவி கேலக்ஸியின் தலையில் இந்த வெடிப்பைக் கட்டியிருந்தோம். அளவீடுகளில் பிழை கிடையாது, அளந்த ஆட்களிடமும் பிழை கிடையாது. முதல் இணைப்பு ஒன்று தவறிவிட்டது, மேலே கட்டியதெல்லாம் சாய்ந்தது.

அதனால் செங்கோட்டைவானம் அவர்களுக்கு என் கருத்து: தாய் கேலக்ஸி என்ற பத்திக்குப் பக்கத்தில், அது எப்படித் தெரிந்தது என்று ஒரு பத்தி கட்டாயம் வையுங்கள்.

#10 முதலாமாண்டு
ஞாயிறு, மதியம் 2:02

ஐயா, அப்படியென்றால் இந்தக் கதை 230307ஏ-வுக்கு எதிராக அல்லவா போகிறது? அங்கேயும் முன்னால் ஓர் அழகான சுழல், வெடித்த இடத்திலேயே பின்னால் ஒரு மங்கல் கேலக்ஸி. 020819பி-யில் மங்கல்தான் உண்மையான தாய். இங்கே மட்டும் எப்படிச் சுழல் தாயாகும்?

#11 பழையரேடியோ
ஞாயிறு, மதியம் 2:15

சரியான கேள்வி தம்பி. இடத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது நியாயம், அதனால்தான் நானும் அந்தக் கதையை இங்கே கொண்டுவந்தேன். தென்திசை பதில் சொல்லட்டும்.

#12 அருந்ததி
ஞாயிறு, மாலை 5:40

அதற்கு முன் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் வெப் காப்பகத்திலிருந்து இந்தக் களத்தின் படங்களை இறக்கிப் பார்த்தேன், வடிகட்டி வாரியாக.

4.4 மைக்ரான் அலைநீளப் படத்தில் வெடித்த இடத்தில் ஒரு கூர்மையான புள்ளி, விண்மீன் மாதிரி. மறைக்கவே முடியாத அளவு தெளிவு. அதே இடத்தை 1.5 மைக்ரான் படத்தில் திறந்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. சாளரம் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மாற்றி மாற்றிச் சொடுக்கினேன், புள்ளி எரிந்து அணைவது மாதிரி இருந்தது. சுற்றியுள்ள கேலக்ஸிகள் எல்லாம் இரண்டு படத்திலும் இருக்கின்றன, இது மட்டும் நீள அலையில்தான் இருக்கிறது. வித்தியாசம் மூன்று பருமனுக்கு (வானியலில் வெளிச்சத்தின் அளவு) மேல், அதாவது பதினைந்து இருபது மடங்கு.

மங்கல் கேலக்ஸி புள்ளியை ஒட்டி ஒரு பூச்சு மாதிரித் தெரிகிறது. நீள அலைப் படத்தில் ஒரு படத்துளி 0.063 வில்விநாடி, ஆகவே 0.2 என்பது மூன்று படத்துளி. சுழல் கேலக்ஸியோ அதே அளவில் ஏறத்தாழ 480 படத்துளி தள்ளி. இரண்டையும் ஒரே திரையில் வைக்கப் படத்தைச் சுருக்கினேன், சுருக்கியதும் புள்ளியும் பூச்சும் ஒன்றாகிவிட்டன. செங்கோட்டைவானம் சார் ஏன் இரண்டு நாள் நின்றார் என்று அப்போதுதான் புரிந்தது. கண்ணுக்கு அந்தப் பூச்சுதான் தாய் மாதிரித் தெரியும்.

ஆனால் இரண்டாவது தவணைப் படம் இருக்கிறது. முதலாவது வெடித்து 29 நாள் கழித்து, இரண்டாவது 61 நாள் கழித்து. இரண்டாவதில் புள்ளி வெகுவாக மங்கியிருக்கிறது. பூச்சு அப்படியே இருக்கிறது.

#13 தென்திசை
ஞாயிறு, இரவு 9:55

அருந்ததி, இதற்கு நன்றி, இனி என் வேலை எளிது. தம்பியின் கேள்விக்கு: 020819பி-யில் பின்னொளிர்வு மங்கிய பிறகு கேலக்ஸிகளைத் தவிர விசாரிக்க ஆளில்லை. இங்கே வெடிப்பு தானே ஒரு மாதத்துக்கு மேல் சாட்சி சொன்னது.

மங்கல் கேலக்ஸிதான் தாய் என்றே வைத்துக்கொள்வோம், செந்நகர்ச்சி 3.87. அப்போது என்னவெல்லாம் நடக்க வேண்டும்?

முதலில் ஆற்றல். காமா கதிர் எல்லாத் திசையிலும் சமமாகப் போனதாகக் கணக்கிட்டால் 10-இன் 56-ஆம் அடுக்கு எர்க் (ஆற்றலின் அலகு) வருகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சூரியன்களின் முழு நிறையையும் ஆற்றலாக மாற்றினால் வரும் அளவு. 221009ஏ-வை விடவே ஏறத்தாழ பத்து மடங்கு. இப்படி ஒன்றை இதுவரை யாரும் கண்டதில்லை. இது மட்டும் போதாது, "முதல்முறையாகக் கண்டோம்" என்று சொல்லிவிடலாம்.

அடுத்தது வேகம். அந்தத் தூரத்தில் விரியும் அண்டம் கடிகாரத்தை 4.87 மடங்கு மெதுவாக்கிக் காட்டும். நாம் பார்த்த 29 நாள் அங்கே 6 நாள், 61 நாள் என்பது 12 நாள் சொச்சம். அருந்ததி பார்த்த அந்தப் புள்ளி அந்தத் தூரத்தில் சாதாரண சூப்பர்நோவாவை (கனமான விண்மீன் சாகும்போது நடக்கும் வெடிப்பு) விடப் பல மடங்கு வெளிச்சமாக, அதிவெளிச்ச சூப்பர்நோவாக்களின் வரிசையில் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவை ஏறவே வாரக்கணக்கில் ஆகும், மாதக்கணக்கில் நின்று எரியும். இதுவோ ஒரே வாரத்தில் சரிந்திருக்கிறது. அப்படிச் செய்யும் எந்தச் சூப்பர்நோவாவும் நமக்குத் தெரியாது.

இப்போது 0.065 என்று வையுங்கள். வெளிச்சம், சிவப்பு, மங்கும் வேகம் மூன்றும் 2017-இல் என்ஜிசி 4993 என்ற கேலக்ஸியில் பார்த்த கிலோநோவாவோடு (நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போது எழும் ஒளி) ஒத்துப்போகின்றன. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய அந்தச் சம்பவம் நமக்கு 13 கோடி ஒளியாண்டு தூரத்தில் நடந்தது, ஈர்ப்பலையும் சேர்ந்து பதிவானதால் சந்தேகத்துக்கே இடமில்லாத ஒன்று. மேலும் ஜேம்ஸ் வெப் நிறமாலையில் 2.15 மைக்ரான் அருகே அகன்ற உமிழ்வுக் கோடு ஒன்று இருந்தது, அதை டெலூரியம் என்ற கனத்த தனிமத்தின் கோடு என்று விளக்குகிறார்கள். 2017 கிலோநோவாவிலும் அந்தப் பகுதியில் கோடு உண்டு.

#14 புள்ளிக்கோலம்
திங்கள், காலை 7:10

தென்திசை அண்ணா, மறுக்க வரவில்லை, ஆனால் இது சுற்றி வருகிற வாதமாக இல்லையா? 0.065 என்று எடுத்தால் கிலோநோவா மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். கிலோநோவா மாதிரி இருப்பதால் 0.065 என்கிறீர்கள். தூரத்தை வைத்து அடையாளம், அடையாளத்தை வைத்துத் தூரம். டெலூரியம் கோடு கூட, எந்தச் செந்நகர்ச்சியில் இருக்கிறது என்று முதலில் தெரிந்தால்தானே டெலூரியம் என்று சொல்ல முடியும்?

#15 தென்திசை
திங்கள், இரவு 10:20

நாள் முழுக்க இதை யோசித்துக்கொண்டே இருந்தேன். நீங்கள் சொல்வதில் பாதி எனக்கு ஏற்பு. டெலூரியம் கோட்டை மட்டும் தனியாக ஆதாரமாகக் காட்டினால் அது சுற்றுவாதம்தான். நேற்று நான் அதைக் கடைசியில் ஒட்டியது சரியில்லை, அதைத் துணையாகத்தான் வைக்க வேண்டும்.

ஆனால் மீதி சுற்றுவாதம் இல்லை. சிவப்பு நிறமும் மங்கிய வேகமும் தூரம் தெரியாமலே அளந்தவை. ஒரு மாதம் கழித்து இவ்வளவு சிவப்பாக இருந்து, அடுத்த மாதத்துக்குள் இவ்வளவு மங்கும் பொருள் எது என்று எந்தக் கேலக்ஸியையும் பார்க்காமல் கேட்கலாம். தெரிந்த பொருள்களில் ஒன்றே ஒன்றுதான் பொருந்துகிறது. அது பொருந்துவதற்குத் தேவையான தூரத்தைத் தனியாகக் கணக்கிட்டால் சில நூறு மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் ஏறத்தாழ 33 லட்சம் ஒளியாண்டு) வருகிறது. பிறகு வானத்தைப் பார்க்கிறோம், அந்தத் தூரத்தில், பக்கத்தில், ஒரு கேலக்ஸி நிற்கிறது. அது பல நூறு கோடி ஒளியாண்டு அப்பால் நின்றிருக்கலாம், நம் வீட்டு வாசலில் நின்றிருக்கலாம், நிற்காமலே போயிருக்கலாம். வேண்டிய தூரத்தில் நிற்கிறது. உங்கள் 9 சதவீதத்தில் இந்தப் பொருத்தம் சேரவில்லை, ஏனென்றால் அந்தக் கணக்கு வெளிச்சத்தையும் கோணத்தையும் மட்டும்தான் பார்க்கிறது.

#16 புள்ளிக்கோலம்
செவ்வாய், காலை 6:45

சரி, இது எனக்குப் போதும். பக்கத்தில் இருக்கும் கேலக்ஸிகளில் வேண்டிய தூரத்தில் இருப்பவை எத்தனை என்று வடிகட்டினால் தற்செயல் வாய்ப்பு 9-லிருந்து நன்றாகக் கீழே இறங்கும். எவ்வளவு என்று எண் போட மாட்டேன், "வேண்டிய தூரம்" என்பதன் அகலத்தை எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். ஆனால் இறங்கும் திசை உறுதி.

#17 முதலாமாண்டு
செவ்வாய், மதியம் 12:40

30 வில்விநாடி என்றால் சுழலிலிருந்து எவ்வளவு தூரம்? அவ்வளவு தள்ளி நியூட்ரான் விண்மீன்கள் எப்படிப் போயின?

#18 பழையரேடியோ
செவ்வாய், மதியம் 1:30

ஏறத்தாழ 40 கிலோபார்செக், 1,20,000 ஒளியாண்டுக்கு மேல். நம் பால்வீதியை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அளந்தால் வரும் தூரம் அளவுக்கு.

ஒரு கனமான விண்மீன் சூப்பர்நோவாவாக வெடிக்கும்போது வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்காது, மிஞ்சும் நியூட்ரான் விண்மீனுக்கு ஒரு பக்கமாக உதை விழும். ஜோடியில் இரண்டும் இப்படி வெடித்து, அதற்குப் பிறகும் ஜோடி பிரியாமல் தப்பினால், இரண்டும் சேர்ந்தே கேலக்ஸியை விட்டுக் கிளம்பிவிடும். நொடிக்கு 200 கிலோமீட்டர் வேகம் என்று வையுங்கள், 40 கிலோபார்செக் போக 20 கோடி ஆண்டு. ஒன்றையொன்று சுற்றி, ஈர்ப்பலையாக ஆற்றலை இழந்து, கடைசியில் மோத அதைவிட நிறையக் காலம்கூட ஆகலாம். அதனால் பிறந்த ஊரில் சாவதுதான் அபூர்வம். குறுவெடிப்புகளில் தாயின் மையத்திலிருந்து நடுத்தர விலகல் சுமார் 8 கிலோபார்செக் என்று சொல்கிறார்கள், 40 என்பது அதிகம்தான், கேள்விப்படாதது இல்லை.

2005 மே 9-இல் வெடித்த 050509பி-யையும் பாருங்கள். ஒரு வினாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம்தான் நீடித்தது. ஸ்விஃப்டின் எக்ஸ்-கதிர்க் கருவிக்கு மொத்தமே பதினோரு ஒளித்துகள். அந்தப் பதினொன்றை வைத்துப் போட்ட வட்டத்தின் ஓரத்தில் ஒரு மாபெரும் நீள்வட்ட கேலக்ஸி, செந்நகர்ச்சி 0.225, வட்டத்துக்குள்ளேயே மங்கலான கேலக்ஸிகள் பல. நீள்வட்டம்தான் தாய் என்று பெரும்பாலோர் ஏற்றார்கள், கிழட்டு விண்மீன்கள் நிறைந்த இடம் என்பதால் மோதலுக்கும் பொருந்தியது. ஆனால் எழுதும்போது "பெரும்பாலும்" என்ற சொல்லை விடாமல்தான் எழுதினார்கள். அந்தச் சொல்லை நாம் தமிழில் மாற்றும்போது விட்டுவிடுகிறோம், அது எனக்கு நெடுநாள் வருத்தம்.

#19 அருந்ததி
செவ்வாய், இரவு 8:25

ஒரு சின்ன சந்தேகம். சுழலின் வெளிப்புறத்தில் அதைச் சுற்றிவரும் ஒரு மங்கலான குள்ள கேலக்ஸியோ, விண்மீன்கள் பந்துபோல் திரண்ட கோளக் கொத்தோ இருந்து, வெடிப்பு அதில் நடந்திருந்தால்? அப்போது தாய் வேறாகிவிடும்.

#20 தென்திசை
செவ்வாய், இரவு 9:00

தாய் வேறாகும், தூரம் வேறாகாது. சுழலைச் சுற்றிவரும் எதுவானாலும் அதே 0.065-தான். ஆற்றல் கணக்கு, கிலோநோவா கணக்கு எதுவும் மாறாது. மாறுவது ஒன்றுதான், உதைபட்டு வந்ததா, அங்கேயே பிறந்ததா என்ற கேள்வி. ஆகவே சார் அட்டவணையில் "தாய்" பத்தியும் "தூரம்" பத்தியும் ஒரே அளவு உறுதியோடு இருக்க வேண்டியதில்லை. இந்த வெடிப்பில் தூரம் தாயைவிட உறுதி.

#21 செங்கோட்டைவானம்
புதன், இரவு 9:30

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி ஒரு பத்தி சேர்த்துவிட்டேன், தலைப்பு "எப்படித் தெரிந்தது". அதில் மூன்று விடைதான்: பின்னொளிர்வின் நிறமாலை, பக்கத்துக் கேலக்ஸி, பக்கத்துக் கேலக்ஸியும் வேறு சாட்சியும்.

சேர்த்ததும் பழைய முப்பது வரிசையையும் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. 970508, 221009ஏ எல்லாம் முதல் விடையில் எளிதாக உட்கார்ந்தன. 050509பி இரண்டாவது. 020819பி-க்கு நான் 0.41 என்றே எழுதி வைத்திருந்தேன், பழைய பட்டியல் ஒன்றிலிருந்து அப்படியே எடுத்தது, 1.96 என்று திருத்திவிட்டேன். 060614-இல் மறுபடி நின்றேன். 102 வினாடி நீடித்தும், நீண்ட வெடிப்புகளோடு வழக்கமாக வரும் சூப்பர்நோவா தெரியவில்லை, செந்நகர்ச்சி 0.125-இல் உள்ள கேலக்ஸி தற்செயலாக முன்னால் நிற்கிறதோ என்று அந்தக் காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். அதை எந்த விடையில் போடுவது என்று நாளை தனி இழை தொடங்குகிறேன்.

230307ஏ வரிசை இப்போது இப்படி இருக்கிறது, பிழை இருந்தால் சொல்லுங்கள்:

2023 மார்ச் 7. அரை நிமிடத்துக்கு மேல். தாய்: பெரும்பாலும் 30 வில்விநாடி தள்ளியுள்ள சுழல் கேலக்ஸி. தூரம்: ஏறத்தாழ 95 கோடி ஒளியாண்டு. எப்படித் தெரிந்தது: பக்கத்துக் கேலக்ஸியும், கிலோநோவாவின் நிறமும் மங்கிய வேகமும்.

#22 பழையரேடியோ
புதன், இரவு 9:41

"பெரும்பாலும்" இருக்கிறது. பிழை இல்லை.

#23 முதலாமாண்டு
புதன், இரவு 10:03

சார், 060614-க்கு ஸ்விஃப்ட் இணையப் பக்கத்தில் இருப்பதை நான் இன்றிரவே எடுத்து வைக்கிறேன். அருந்ததி அக்கா, படங்களை வடிகட்டி வாரியாக எப்படி இறக்குவது என்று அந்த இழையில் சொல்லித் தருவீர்களா?